இருபது டேப்பும் என் இரண்டு காதும்

எனக்குக் காது மந்தமாகி மூன்று வருஷம் ஆன பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இருபது டேப்லெட்கள் வந்தன. அந்த மூன்று வருஷமும் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஸ்ரீராம்புரத்தில், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்து ஒன்றில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். கீழும் மாடியுமாக எட்டு வகுப்பறை. நான் நாலாம் வகுப்பு ஆசிரியை. இங்கிலீஷ், கணக்கு இரண்டும் என் பொறுப்பு. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் கன்னடம் பேசுவார்கள், வகுப்புக்குள் வந்ததும் இரண்டோடும் இங்கிலீஷைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வாக்கியம் எந்த மொழியில் தொடங்கி எந்த மொழியில் முடியும் என்று சொல்ல முடியாது. நல்ல காது உள்ளவர்களே ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் போடும் கீச்சுச் சத்தம் நின்றுபோனது. மெஷின்தான் பழுது என்று நினைத்தேன். பெரியவர்கள் பேசினால், அதுவும் ஆண்கள் பேசினால், கேட்டது. குழந்தைகள் பேசுவது மட்டும் ஓசையாக வந்தது, வார்த்தையாக வரவில்லை. பள்ளிக்கூடம் மறுபடி திறந்து, எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்த அந்த மாதங்களில்தான் எனக்கே உண்மை தெரிந்தது. அதுவரை நான் பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். உதடு மறைந்ததும் வகுப்பே ஊமையாகிவிட்டது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வருஷம் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து, இரண்டு ஆசிரியைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காது கேட்காத டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? எனவே தந்திரங்கள் கற்றுக்கொண்டேன். யாராவது பதில் சொல்ல எழுந்தால், "போர்டுல வந்து எழுதிக் காட்டு" என்பேன். ஒருவர் சொன்னதும், "அவ சொன்னது சரியா?" என்று மற்றவர்களைக் கேட்டு, தலைகள் எப்படி ஆடுகின்றன என்று பார்த்துக்கொள்வேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி, பிள்ளைகளை அடிக்கடி போர்டுக்கு வரவழைப்பது நல்ல முறை என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் டேப் வந்தது. ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. நாலாம் வகுப்புக்குத்தான் முதலில் என்று முடிவாகி, சொல்லிக்கொடுக்க வாரம் ஒருநாள் ஒரு பெண் வந்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண், ஐ.டி.யில் வேலை, இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண். ஆனால் மென்மையாகப் பேசுவாள், அதையும் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், போதாததற்கு முடி முகத்தில் விழுந்து உதட்டை மறைக்கும். முதல் நாள் அவள் சொன்னதில் எனக்கு ஒன்றுமே எட்டவில்லை. அவள் விரல் எங்கே எங்கே போகிறது என்று மட்டும் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். பயத்தில் உள்ளங்கை வேர்த்து, நான் தொட்டால் திரை கேட்கவேயில்லை.

என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பத்தொன்பது டேப் அவர்களுக்கு, ஒன்று எனக்கு. பாதி வகுப்பு டேப்பில் கணக்குப் போடும்போது மீதிப் பாதி நோட்டில் எழுதும், பிறகு மாற்றிக்கொள்வோம். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் பத்து நிமிஷத்துக்குள் எல்லோரும் தங்கள் மூக்கைப் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம் பின்னம் நடத்தினேன். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நாலில் ஒரு பங்கு பெரியதா என்று கேள்வி. பிள்ளைகள் தொடத் தொட, யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது என் கையில் இருந்த டேப்பில் பெயரோடு வரிசையாக வந்து விழுந்தது. அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு பேர் நாலில் ஒரு பங்குதான் பெரியது என்று போட்டிருந்தார்கள். நாலு மூன்றைவிடப் பெரியது, அதனால். போன வாரம் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோது எல்லாத் தலையும் ஆடியதே! மூன்று வருஷமாகத் தலையாட்டலை நம்பிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கடைசி பெஞ்ச் என்ன நினைக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே ஒருவன் பதில் எழுத வேண்டிய இடத்தில், "மிஸ் பாத்ரூம் அர்ஜென்ட்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பியிருந்தான். நிமிர்ந்து பார்த்தேன். பாவம், காலைப் பின்னிக்கொண்டு நின்றிருந்தான். "போ, போ" என்றேன். ஓடினான். வாயால் எத்தனை தரம் கேட்டுப் பார்த்தானோ.

அதற்குப் பிறகு டேப்பை நான் விடவில்லை. எல்லாவற்றுக்கும் டேப்தான். மற்ற ஆசிரியைகள், "என்ன மிஸ், இந்த வயசுல இவ்ளோ ஆர்வம்" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதாக அவர்கள் முகத்தை வைத்து நினைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது வாசிப்புப் பரீட்சையில். ஒவ்வொரு பிள்ளையாக என் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பில் வரும் இங்கிலீஷ் பாராவைச் சத்தமாகப் படிக்க வேண்டும். டேப் குரலைப் பதிவு செய்துகொள்ளும். படித்தது சரியாக இருந்தால் நான் பச்சை போடவேண்டும், தடுமாறினால் மஞ்சள், படிக்கவே வரவில்லை என்றால் சிவப்பு. குழந்தை குனிந்து டேப்பைப் பார்த்துப் படிக்கும்போது எனக்கு உதடும் தெரியாது. வரிக்குக் கீழே ஓடும் விரலையும், ஓசை ஏறி இறங்குவதையும் வைத்துக்கொண்டு பச்சை, பச்சை, பச்சை என்று போட்டுக்கொண்டே போனேன்.

அவர்களில் ஒரு பெண், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்காருபவள், எல்லோரையும்விட உற்சாகமாகப் படித்தாள். விரல் வரி தவறாமல் ஓடியது. புள்ளி வந்த இடத்தில் நின்றாள். கேள்விக்குறி வந்த இடத்தில் தலையைத் தூக்கினாள். நான் பச்சை போட்டு, முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அந்த ட்ரெயினர் பெண் வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், வகுப்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். என் எதிரே உட்கார்ந்து டேப்பை நீட்டினாள்.

"மேடம், மத்த ஸ்கூல்லலாம் பாதிப் பேருதான் பச்சை. உங்க கிளாஸ்ல முப்பத்தஞ்சு பேரு. ஒரு நாலஞ்சு ரெக்கார்டிங் நான் போட்டுக் கேட்டேன். இதைக் கொஞ்சம் நீங்களும் கேளுங்க."

இவ்வளவையும் அவள் சொன்னதாக இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது 'பச்சை', 'கேளுங்க' இரண்டும்தான். அவள் ஒரு பதிவைத் தட்டினாள். திரையில் அந்த ஜன்னலோரப் பெண்ணின் பெயர். டேப்பைக் காதோடு வைத்துக்கொண்டேன். ஏதோ முணுமுணுப்பு வந்தது, ஏறி இறங்கியது.

"நல்லாத்தானே படிக்கறா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டாள். நான் மறுபடி தலையாட்டினேன். அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மேடம், இதுல வார்த்தையே இல்ல. சும்மா இங்கிலீஷ் மாதிரி சத்தம் போடறா. நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

முதலில் கோபம்தான் வந்தது. நேற்று வந்த பெண், என்னைக் கேள்வி கேட்கிறாளா என்று. வாயைத் திறந்தேன். கேட்கிறது என்று சொல்லத்தான் திறந்தேன். "இல்லம்மா, கேக்கல" என்று வந்துவிட்டது. மூன்று வருஷமாக அடைத்து வைத்திருந்தது, ஒரு நொடியில், எந்த யோசனையும் இல்லாமல் வெளியே வந்து விழுந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இறுக்கமான செருப்பைக் கழற்றினால் பாதத்துக்குள் குளுகுளு என்று ஒன்று பரவுமே, அதுதான் உடம்பெல்லாம் பரவியது.

அவளுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. "ஹெச்.எம்.கிட்ட நான் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நீங்க சொல்லிடணும். அந்தப் பொண்ணுக்குப் படிக்கவே வரல மேடம்" என்றாள். பிறகு தன் போனிலிருந்து நெட் கொடுத்து, என் டேப்பில் எதையோ திறந்தாள். "இப்ப பாருங்க" என்று பேசினாள். அவள் பேசப் பேச, பேச்சு தமிழ் எழுத்தாகத் திரையில் ஓடியது. *சாப்பிட்டீங்களா மேடம் தயிர் சாதம் ஆறிப்போச்சு.* படித்தேன். படித்துச் சிரித்தேன். அவள் உதட்டைப் பார்க்காமல் நான் முழுசாகப் பெற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அதுதான்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் ஜன்னலோரப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். வராந்தாவில், என் போனிலிருந்து நெட் கொடுத்து, இரண்டு பேருக்கும் நடுவே டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுக்கு எடுத்த எடுப்பிலேயே புரிந்துவிட்டது. பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள்.

"எனக்குப் படிக்க வராது மிஸ்" என்றாள். டேப் எழுதிக் காட்டியது.

"அப்புறம் ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே மிஸ்."

அந்த வார்த்தையை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரையில் அது அப்படியே நின்றது. நான் கேள்வி கேட்கவில்லை; காதாலும் கேட்கவில்லை. இரண்டும் நிஜம்தான்.

பிறகு அவளே சொன்னாள்: "உங்களுக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும் மிஸ்."

"எல்லாருக்கும்னா?"

"எங்க கிளாஸ் முழுக்க. போன வருஷத்து அக்காங்க சொன்னாங்க. நாலாங்கிளாஸ் மிஸ்கிட்ட முன்னாடி நின்னுதான் பேசணும், முதுகுக்குப் பின்னாடி பேசினா திரும்ப மாட்டாங்கன்னு. ஹெச்.எம். வந்தா நாங்க டக்குனு எழுந்திருப்போமில்ல? மத்த கிளாஸ்லலாம் அவங்க உள்ள வந்து 'குட் மார்னிங்' சொன்னாத்தான் எழுந்திருப்பாங்க. நாங்க அவங்க தலை தெரிஞ்சாலே எழுந்திருவோம். நீங்க திட்டு வாங்கக்கூடாதுன்னு."

என் வகுப்பின் மரியாதையைப் பற்றி நான் எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன்! ஒன்பது வயதுப் பிள்ளைகள், ஒரு வருஷத்தார் அடுத்த வருஷத்தாருக்குச் சொல்லிக்கொடுத்து, என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதே சமயம் அந்த ரகசியத்துக்குள் இவள் தன் ரகசியத்தையும் ஒளித்து வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

பிரேயர் முடிந்ததும் நேரே ஹெச்.எம். அறைக்குப் போனேன். அவர் கன்னடக்காரப் பெண்மணி, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. என்னோடு எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காது, போர்டு, தலையாட்டல், பச்சை, எதையும் மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். என் முகத்தைப் பார்த்து, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மூணு வருஷமா நான் காரிடார்ல கூப்பிட்டா நீங்க திரும்பிப் பார்த்ததே இல்ல. உங்களுக்கு என்மேல என்னமோ கோபம்னு நெனச்சுட்டிருந்தேன். வீட்ல போய் என் மகள்கிட்டகூட வருத்தப்பட்டிருக்கேன்."

"ஐயோ மேடம்!"

"பரவாகில்ல, பரவாகில்ல" என்று கையை அசைத்தார். அவர் முகத்திலும் ஏதோ ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. ஆனால் உடனே குரலை மாற்றிக்கொண்டார். "காதைப் பார்த்துக்கலாம். பிள்ளைங்களுக்கு என்ன செய்யப் போறோம்? அதைச் சொல்லுங்க."

இரண்டாம் வகுப்பு ஆசிரியையை அழைத்து, அந்த முப்பத்தெட்டுப் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்கச் சொன்னார். இரண்டு நாள் ஆயிற்று. நிஜமான பச்சை பதினெட்டு. மஞ்சள் ஒன்பது. சிவப்பு பதினொன்று. அந்தத் தாளை இன்னமும் என் பீரோவில் வைத்திருக்கிறேன். நிம்மதியாக இருந்தது என்று நான் எத்தனை தரம் சொன்னாலும், அந்தப் பதினொன்று அதற்குள் சேராது.

வீட்டில் சொன்னபோது என் கணவர் தோசையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் நிற்பவர். "டி.வி. சத்தம் நாப்பதுல ஓடுது. எனக்குத் தெரியாதா?" என்றார். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." மூன்று வருஷமா இருந்தீர்கள் என்று சண்டை பிடிக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோசை முறுகலாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அவரே காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். வெகுநேரம் ஒன்றுமே வராமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்த பெண்ணின் விரல் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அப்போதெல்லாம் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். இடது பக்கம் சமமாகப் போன கோடு, வலது பக்கம் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியது. "சின்னப் பசங்க குரல், ஸ, ஷ, ஃப மாதிரி எழுத்து, எல்லாம் இந்தப் பள்ளத்துலதான் வருது. மெஷின் வெச்சா நல்லாவே கேக்கும்" என்றாள்.

கேட்டது. முதல் நாள் தாங்கவே முடியவில்லை. பெஞ்ச் இழுக்கிற சத்தம், ஃபேனில் ஒரு கிரீச், சந்தில் போகிற ஒவ்வொரு ஹாரன். முதல் பெஞ்சில் ஒருத்தி நாளெல்லாம் தனக்குள் பாடிக்கொண்டே இருப்பாள் என்பது அன்றுதான் தெரியும். பிள்ளைகள் ஒரு பதிலைத் தொட்டால் என் டேப் ஒவ்வொரு தரமும் 'டிங்' என்று கத்தும் என்பதும் அன்றுதான் தெரியும். சத்தம் முழுசாக வைத்திருந்திருக்கிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கோயில் மணின்னு நெனச்சுப் பழகிட்டேன் மிஸ்" என்றார்.

ஜன்னலோரப் பெண்ணின் அம்மாவை வரச்சொல்லியிருந்தேன். மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. விடியுமுன் போய்விட்டு, வேலை முடிந்ததும் வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டோடேயே வந்து நின்றார். தப்பு என் பேரில்தான் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கும் எழுத்து தெரியாது மிஸ். இவ ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப ஸ்கூலு பாதி நாள் இல்ல. டெய்லி புஸ்தகத்தை எடுத்து வெச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவா. நானும் சரி சரின்னு தலையாட்டுவேன். இங்கிலீஷ்ல ஜோரா படிக்கறான்னு அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்." பேச்சை நிறுத்திவிட்டு, "இப்பவாவது வரும்ல மிஸ்?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன். அவர் கேட்டது எனக்கு முதல் தடவையிலேயே கேட்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் அரைமணி நேரம் அந்தப் பதினொரு பேரோடு உட்கார்ந்தேன். எழுத்திலிருந்து தொடங்கினோம். டேப்தான் இங்கேயும் கைகொடுத்தது, ஆனால் வேறு விதமாக. ஒரு வரி படிப்பார்கள், தங்கள் குரலைத் தாங்களே ஹெட்போனில் போட்டுக் கேட்பார்கள், எங்கே தப்பு என்று தாங்களே சொல்வார்கள். பிறகு நான் கேட்பேன், மெஷினோடு. ஜன்னலோரப் பெண்ணுக்குத் தன் பழைய பதிவைக் கேட்பதில் ஒரு ஆசை. போட்டுக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "இது என்ன பாஷை மிஸ்?" என்பாள். அவளை நடிப்பிலிருந்து இறக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. தெரியாத வார்த்தை வந்தால் நிற்கக் கூசினாள். தடுமாறினால் பரவாயில்லை, நான் காத்திருப்பேன் என்பதை நம்ப அவளுக்குத் தீபாவளி வரை ஆனது. பிப்ரவரியில் ஒரு பாரா முழுக்கப் படித்தாள், மெதுவாக, விரலை எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டு. மஞ்சள் போட்டேன். நியாயமான மஞ்சள். அவளும் ஒப்புக்கொண்டாள். பதினொரு பேரில் எட்டுப் பேர் அந்த வருஷம் முடிவதற்குள் படிக்கத் தொடங்கினார்கள். மூன்று பேரை ஐந்தாம் வகுப்பு ஆசிரியையிடம் எல்லா விவரமும் சொல்லி ஒப்படைத்தேன்.

இப்போது இருபது டேப்பில் பதினான்குதான் வேலை செய்கின்றன. இரண்டுக்குத் திரை உடைந்துவிட்டது, மற்ற நாலிலும் சார்ஜ் ஏறுவதில்லை. அந்த ட்ரெயினர் பெண் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். பண்டிகைக்கு மெசேஜ் அனுப்புவாள். பிள்ளைகளின் கலப்புப் பேச்சை அந்த எழுதிக்காட்டும் வசதி இன்னும் கண்டபடிதான் எழுதுகிறது. சில நாள் அதைப் பெரிய எழுத்தாக்கி, டேப்பைத் தூக்கிக் காட்டிவிட்டு வகுப்போடு சேர்ந்து சிரிப்பேன்.

ஒவ்வொரு ஜூனிலும் முதல் நாள், பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், முடியை ஒதுக்கிக் காட்டிவிடுகிறேன். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இந்த மெஷின் வெச்சாத்தான் கேக்கும். நான் சரியா கேக்கலன்னா கையைத் தூக்கிச் சொல்லணும். உங்களுக்கு ஏதாவது வரலன்னாலும் சொல்லணும்."

இந்த வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உடனே உயர்ந்தது. "மிஸ், எனக்குக் கழித்தல் வராது."

"சரி" என்றேன். "வேற யாருக்கு?"

ஏழு கைகள் உயர்ந்தன. எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டேன். கழித்தலிலிருந்தே தொடங்கினோம்.